ஜூன், ஜூலை மாதங்களில் எங்கள் வகுப்பில் என்ன நடக்கிறது? ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளின் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளை ஒரே அறையில் சேர்த்து நடத்தும் ஆசிரியை எழுதும் பக்கம் இது. பிள்ளையை வாசலில் விட்டுவிட்டுத் திரும்பும் தாய்மார்களும், மாலையில் அழைத்துச் செல்ல வரும் தாத்தா பாட்டிகளும், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தந்தையரும் கேட்கும் கேள்விகள் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. வாசலில் நின்று இரண்டு நிமிடத்தில் சொல்லும் பதில் எனக்கே நிறைவு தருவதில்லை என்பதால், அவற்றுக்கு இங்கே சற்று விரிவாக விடை எழுதியிருக்கிறேன்.

பள்ளி திறந்து மூன்று வாரம் ஆகிறது. முதல் வகுப்பில் சேர்த்த என் மகளின் நோட்டில் ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. வகுப்பில் என்னதான் செய்கிறீர்கள்?

ஆண்டின் முதல் கேள்வி எப்போதும் இதுதான். நோட்டு காலியாக இருப்பதை நான் மறுக்கவில்லை; அந்த மூன்று வாரமும் அவள் எழுதிய இடங்கள் வேறு. சுவரின் அடிப்பகுதியில், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் பூசப்பட்டிருக்கும் கரும்பலகையில் அவளுக்கென்று ஒரு கட்டம் உண்டு. அதில் நிற்கும் கோடு, படுத்த கோடு, சாய்ந்த கோடு, இடப்பக்க வளைவு, வலப்பக்க வளைவு, சுழி ஆகியவற்றைச் சுண்ணக்கட்டியால் வரைந்து பழகுகிறாள். மணலில் விரலால் வரைகிறாள், களிமண்ணைத் திரித்துப் பாம்பு செய்து அதையே வளைத்துச் சுழி ஆக்குகிறாள், தரையில் வரைந்த வளைவின் மேல் புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்குகிறாள். 'அ' என்ற ஓர் எழுத்தை உற்றுப் பாருங்கள்: அதற்குள் ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு படுத்த கோடு, ஒரு நிற்கும் கோடு என்று நான்கும் இருக்கின்றன. ஐந்து வயது நிறைந்து வரும் பிள்ளையின் விரல்கள் இந்த நான்கையும் தனித்தனியாகச் செய்யப் பழகுவதற்கு முன் முழு எழுத்தைக் கேட்டால், பென்சிலை முஷ்டியால் பிடித்துத் தாளைக் கிழிக்கும் அழுத்தத்தோடு எதையோ வரைந்து தரும். ஆனால் அது எழுத்து ஆகாது.

கைக்கு இந்தப் பயிற்சி நடக்கும் வாரங்களில் காதுக்கும் ஒரு பயிற்சி நடக்கிறது. 'பல்' என்று சொன்னால் ஒரு படம், 'பால்' என்று சொன்னால் வேறொரு படம் என்று பிள்ளைகள் எடுத்துக் காட்ட வேண்டும். கல், கால்; படம், பாடம்; முடி, மூடி; எடு, ஏடு என்று இணை இணையாகச் சொல்லி, குறிலுக்கு ஒரு தட்டு தட்டவும், நெடிலுக்குக் கைகளைப் பக்கவாட்டில் இழுக்கவும் பழக்குகிறோம். வாசலில் நின்று பார்ப்பவருக்கு இது கும்மாளமாகத் தெரியும் என்பதை அறிவேன். ஆனால் இந்த வேறுபாட்டைக் காதால் பிடித்த பிள்ளைக்கு, பின்னர் 'ப' பக்கத்தில் ஒரு துணைக்காலைப் போட்டு 'பா' என்று காட்டும்போது விளக்கம் தேவைப்படுவதில்லை. தான் கையை இழுத்த இடத்தில்தான் அந்தக் கால் நிற்கிறது என்று அது தானே கண்டுகொள்கிறது.

நோட்டை நிரப்பும் வழக்கத்தை நானும் ஒரு காலத்தில் கடைப்பிடித்தவள்தான். பணியில் சேர்ந்த புதிதில் 'அம்மா' என்ற சொல்லை 20 முறை எழுதி வருமாறு வீட்டுப்பாடம் கொடுத்தேன். மறுநாள் ஒரு சிறுவன் அழகாக எழுதிக் கொண்டுவந்தான். கடைசி வரியில் மட்டும் 'மா' விடுபட்டிருந்தது. எப்படி எழுதினாய் என்று கேட்டபோது, பக்கத்தின் மேலிருந்து கீழாக முதலில் 20 'அ', அடுத்து 20 'ம்', அதன் பிறகு 'மா' என்று பத்தி பத்தியாக எழுதியதாகச் சொன்னான். பக்கம் நிரம்பியிருந்தது, 'அம்மா' என்ற சொல்லை அவன் ஒரு முறைகூட எழுதியிருக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வகை வீட்டுப்பாடத்தை நான் கொடுத்ததில்லை.

'எண்ணும் எழுத்தும்' என்று அடிக்கடி சொல்கிறீர்கள். அது என்ன? பாடநூல் கிடையாதா?

கொரோனா காலத்தில் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தமிழ்நாட்டுப் பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. மூடும்போது முதல் வகுப்பில் இருந்த பிள்ளை, திறக்கும்போது மூன்றாம் வகுப்பில் இருந்தது. கையில் மூன்றாம் வகுப்புப் பாடநூல், மனத்தில் பாதி மறந்துபோன உயிரெழுத்துகள் என்ற நிலையில் வந்த பிள்ளைகளை மனத்தில் கொண்டு, 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இத்திட்டத்தைத் தொடங்கிவைத்தார். எட்டு வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் 2025க்குள் பொருள் புரிந்து படிக்கவும் எழுதவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்பது அப்போது அறிவித்த இலக்கு. முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை இருந்த திட்டம், 2023–24ஆம் கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது.

பாடநூல்கள் முன்போலவே பருவத்துக்கு ஒரு முறை விலையில்லாமல் வழங்கப்படுகின்றன. அவற்றோடு பயிற்சி நூலும் உண்டு. வகுப்பறையின் மூலைகளில் கதைக் களம், பாடல் களம், வாசிப்புக் களம் என்று எழுதி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்; அவையும் இத்திட்டத்தோடு வந்தவைதான்.

என் மகன் மூன்றாம் வகுப்பு. அவனை 'அரும்பு' குழுவில் உட்கார வைத்திருக்கிறீர்கள். இது முதல் வகுப்புக்குத் தரம் இறக்குவது ஆகாதா?

கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் அருகில் அழைத்து, சில எழுத்துகளையும் சொற்களையும் படிக்கச் சொல்லியும் சில கணக்குகளைச் செய்யச் சொல்லியும் பார்க்கிறோம். முதல் வகுப்பு அளவில் இருப்பவர் அரும்பு, இரண்டாம் வகுப்பு அளவில் இருப்பவர் மொட்டு, மூன்றாம் வகுப்பு அளவை எட்டியவர் மலர். வருகைப் பதிவேட்டில் உங்கள் மகன் மூன்றாம் வகுப்புதான், அது மாறவில்லை. மாறுவது, இன்றைக்கு அவன் கையில் கொடுக்கும் பயிற்சி மட்டுமே.

பாடத்துக்குப் பாடம் நிலை வேறுபடும் என்பதையும் சொல்ல வேண்டும். இட்லிக் கடை நடத்தும் ஒரு தாயின் மகன் என் வகுப்பில் இருந்தான். நான்கு இட்லியும் ஒரு வடையும் வாங்கியவர் 50 ரூபாய்த் தாளைக் கொடுத்தால் மீதி எவ்வளவு என்பதை நான் கூட்டி முடிப்பதற்குள் சொல்லிவிடுவான். ஆனால் கடை வாசலில் தொங்கிய விலைப்பட்டியலை அவனால் படிக்க முடியவில்லை. கணக்கில் மலர், தமிழில் அரும்பு என்று இருந்த அவனை இரண்டிலும் மூன்றாம் வகுப்புப் பாடத்திலேயே உட்கார வைத்திருந்தால், கணக்கு வேளையில் கிடைத்த தலைநிமிர்வைத் தமிழ் வேளையில் இழந்திருப்பான். உங்கள் பிள்ளை அரும்பில் இருப்பதாக அறிந்தால், வீட்டில் அதை ஏச்சுச் சொல்லாக மட்டும் ஆக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 'நீ இன்னும் அரும்புதானே' என்று அண்ணனோ அக்காளோ கேலி செய்த மறுநாள், அந்தப் பிள்ளை வாயைத் திறப்பதில்லை.

அங்கன்வாடியிலேயே 'அ' முதல் 'ஃ' வரை சொல்லப் பழகிவிட்டாளே. மறுபடியும் ஏன் ட, ப, ம என்று தொடங்குகிறீர்கள்?

வரிசையாகச் சொல்வது பாட்டு. நடுவில் உள்ள 'எ'யைத் தனியே காட்டி இது என்ன என்று கேட்டால், பெரும்பாலான பிள்ளைகள் 'அ'விலிருந்து விரலை நகர்த்தி வந்துதான் சொல்வார்கள். அது தவறில்லை, நல்ல தொடக்கம்; ஆனால் அதைப் படித்தல் என்று கொள்ள முடியாது.

'ட' என்பது ஒரு நிற்கும் கோடும் ஒரு படுத்த கோடும். 'ப'வுக்கு இன்னொரு நிற்கும் கோடு போதும். 'ம'வில்தான் முதல் வளைவு வருகிறது. இந்த மூன்றோடு புள்ளியையும் காட்டிவிட்டால் படம், மடம், பட்டம், மட்டம் என்று உண்மையான சொற்களைப் பிள்ளை முதல் மாதத்திலேயே தானாகப் படித்துவிடுகிறது. 12 உயிரும் 18 மெய்யும் முடியட்டும் என்று காத்திருந்தால், படித்தல் என்பது எதற்கு என்பதே அதற்கு ஆடி மாதம் வரை தெரியாது. இன்னொரு வசதியும் உண்டு: 'ட'வில் தொடங்கும் தமிழ்ச் சொல் இல்லை. அதனால்தான் கடைகளில் விற்கும் எழுத்துப் பட அட்டைகளில் அந்தக் கட்டத்துக்கு டமாரத்தைத் தேடிப் பிடித்துப் போடுகிறார்கள். சொல்லின் முதலில் மட்டுமே எழுத்தைத் தேடும் பழக்கம் வேண்டாம், நடுவிலும் கடைசியிலும் தேடு என்று பிள்ளைக்குச் சொல்ல 'ட'வைவிட நல்ல எழுத்து கிடையாது.

'படம்' என்பதை என் பிள்ளை 'ப… ட… இம்' என்று படிக்கிறது. எங்கே பிழை?

பிழை எங்களிடமும் உங்களிடமும் இருக்கிறது. 'ம்' என்ற எழுத்தைச் சொல்லிக்கொடுக்கும்போது நாம் எல்லோரும் 'இம்' என்றே சொல்கிறோம். 'க்' என்பதை 'இக்' என்கிறோம். மெய்யைத் தனியாக ஒலிப்பது கடினம் என்பதால் முன்னால் ஓர் இகரத்தைத் துணைக்கு வைக்கிறோம். பிள்ளையோ நாம் கொடுத்ததை அப்படியே திருப்பித் தருகிறது. 'ட' என்று சொல்லிக்கொண்டே உதடுகளை மூடு என்று ஒரு முறை செய்து காட்டினால் 'டம்' வந்துவிடும். சில நாள்களில் சரியாகிவிடும் இதற்காகப் பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

247 எழுத்துகளையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டியதில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 போக மீதியுள்ள 216 எழுத்துகளும் உயிர்மெய். அவற்றுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. துணைக்கால் எந்த எழுத்தின் அருகில் நின்றாலும் ஆகாரம்தான். மேல் விலங்கு வந்தால் இகரம், அதன் நுனியைச் சுழித்தால் ஈகாரம். இந்த மூன்று வரிசையும் பிள்ளைகளுக்கு விளையாட்டுப்போல வந்துவிடும்.

இடறுவது இரண்டு இடங்களில். உகர, ஊகார வரிசையில் ஒரே குறி எல்லா எழுத்துக்கும் பொருந்துவதில்லை. பு, சு, யு, வு ஆகியவற்றில் கோடு நேராகக் கீழே இறங்குகிறது. து, நு, லு, று ஆகியவற்றில் கீழே போய் வளைந்து மேலேறுகிறது. டு, மு, ரு, ழு ஆகியவற்றில் எழுத்தையே சுற்றி வளைக்கிறது. எனவே இந்த வரிசையைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து, அவசரமில்லாமல் நடத்துகிறோம்.

அடுத்தது கொம்பு. 'கெ' என்று ஒலிக்கும்போது முதலில் வருவது ககர ஒலி, பிறகு எகரம். எழுதும்போதோ எகரத்தின் அடையாளமான ஒற்றைக்கொம்பு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுகிறது. காதை நம்பி எழுதும் பிள்ளை, 'கொடி' என்று எழுத முதலில் 'க' போடும். அதன்பின் கால் போடும். கடைசியில் நினைவு வந்து, இடமில்லாத இடத்தில் கொம்பைக் குறுக்கித் திணிக்கும். நோட்டில் வார்த்தையின் இடப்பக்க ஓரத்தில் நசுங்கிய கொம்புகளைக் கண்டால் மகிழுங்கள்: உங்கள் பிள்ளை பார்த்து எழுதாமல், ஒலியைக் கேட்டு எழுதத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது சான்று. எழுதத் தொடங்குமுன் சொல்லை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லி 'கொம்பு உண்டா?' என்று தன்னைத் தானே கேட்கும் பழக்கத்தை மொட்டு நிலையில் கொடுக்கிறோம்.

தாத்தா எழுதிக் காட்டும் 'லை', 'னை' புத்தகத்தில் இருப்பதுபோல் இல்லையே?

தாத்தா தவறாக எழுதவில்லை. பெரியார் கடைப்பிடித்துவந்த எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றது. அதுவரை ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் மேலே யானைத் துதிக்கைபோல் வளைந்த வடிவில் எழுதப்பட்டன. ணா, றா, னா ஆகியவற்றிலும், அவற்றின் ஒகர ஓகார வடிவங்களிலும் துணைக்கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு சுழன்றிருந்தது. அதற்கு முன் எழுதப் பழகியவர்களின் கை இன்றும் அதே வழியில் போகிறது. பிள்ளையிடம் 'இது தாத்தா காலத்து எழுத்து, இது உன் காலத்து எழுத்து' என்று இரண்டையும் காட்டிவிடுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது பெரிய வியப்பு. சென்ற ஆண்டு ஒரு சிறுமி தன் பாட்டியின் பழைய கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து, துதிக்கை எழுத்துகளை எண்ணி 17 என்று கரும்பலகையில் எழுதினாள்.

ல, ள, ழ குழப்பத்தை எப்போது சரிசெய்வீர்கள்?

முதல் பருவத்தில் இல்லை. 'பள்ளி'யை 'பல்லி' என்று எழுதிய பிள்ளைக்கு வகுப்பே சிரித்து அதைக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. ழகரம் எங்கள் பகுதிப் பேச்சில் பலருக்கு ளகரமாகவே ஒலிப்பதால், அதைக் காதால் பிரித்தறியப் பிள்ளைக்கு வாய்ப்பு குறைவு. கண்ணால் பார்த்துப் பழகித்தான் வரும். ர, ற வேறுபாடும் அப்படித்தான். முதல் வகுப்பில் இந்தப் பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்தால், பிள்ளை தனக்குத் தெரிந்த நான்கு சொற்களுக்குள்ளேயே ஒடுங்கிவிடும் என்பது என் கருத்து. சக ஆசிரியர்கள் சிலர் இதில் என்னோடு உடன்படுவதில்லை.

வகுப்பில் பிள்ளைகள் 'வந்துச்சு', 'போயிட்டாங்க' என்றே பேசுகிறார்கள். திருத்த மாட்டீர்களா?

பேசும்போது திருத்த மாட்டேன். வீட்டுப் பேச்சோடு பள்ளிக்கு வந்த பிள்ளையின் முதல் வாக்கியத்தையே திருத்தினால் இரண்டாவது வாக்கியம் வராது. அது சொன்ன கதையை நான் கரும்பலகையில் எழுதும்போது 'வந்தது', 'போய்விட்டார்கள்' என்று எழுதிப் படித்துக் காட்டுகிறேன். பேச்சுக்கு ஒரு சட்டை, எழுத்துக்கு ஒரு சட்டை என்பதை மூன்றாம் வகுப்புக்குள் அவர்களே உணர்ந்துவிடுகிறார்கள்.

என் மகள் 100 வரை சரளமாகச் சொல்கிறாள். நீங்கள் இன்னும் 9ஐத் தாண்டவில்லையே?

எண்களின் பெயரைச் சொல்வது வேறு, எண்ணுவது வேறு. ஏழு புளியங்கொட்டைகளை நெருக்கமாக வைத்து எண்ணச் சொல்லுங்கள், ஏழு என்பாள். அவள் கண் முன்னாலேயே அவற்றைச் சற்று அகலப் பரப்பி, இப்போது எத்தனை என்று கேளுங்கள். மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாலோ, கூடிவிட்டது என்று சொன்னாலோ, ஏழு என்பதன் பொருள் அவளுக்கு இன்னும் கைவரவில்லை என்று அறியலாம். ஆகையால் முதல் வாரங்களில் பெரியது, சிறியது; உள்ளே, வெளியே; கூட, குறைய என்பவற்றையும், ஒரு தட்டுக்கு ஒரு தம்ளர் என்று ஒன்றுக்கு ஒன்று பொருத்துவதையும், 9க்கு உட்பட்ட எண்களைப் பிரித்துச் சேர்ப்பதையும் மட்டுமே நடத்துகிறோம். ஐந்து என்பது நான்கும் ஒன்றும், மூன்றும் இரண்டும், ஐந்தும் ஒன்றுமில்லாததும்.

பத்தைத் தாண்டும்போது தமிழ் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று ஆகிய பெயர்களிலேயே பத்தும் மீதியும் வரிசையாக நிற்கின்றன. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம் என்பதால், தண்ணீர் உரிய நாளில் வந்த ஆண்டுகளில் பள்ளி தொடங்கிய சில வாரங்களில் எங்கள் ஊர் வயல்களில் குறுவை நாற்றுப் பறிப்பும் நடக்கும். நாற்றை முடிமுடியாகக் கட்டுவதைப் பார்த்து வந்த பிள்ளையிடம் ஈர்க்குச்சிகளைக் கொடுத்து, பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டு முடி கட்டச் சொன்னால், இடமதிப்பு என்ற சொல்லைச் சொல்லாமலே அது புரிந்துவிடுகிறது. இரண்டு முடியும் உதிரியாக மூன்று குச்சியும் என்றால் 23. முடி கட்டாமல் பெயரை மட்டும் கேட்டு எழுதும் பிள்ளை, இருபது என்று 20ஐயும் அதன் பக்கத்தில் 3ஐயும் போட்டு 203 என்று எழுதிவிடும்; மொட்டு நிலையில் ஜூலை மாதம் முழுதும் இந்தப் பிழையோடுதான் மல்லுக்கட்டுகிறோம்.

தமிழ் காலை வாருவது ஒன்பதின் குடும்பத்தில். ஒன்பதுக்குள் பத்து ஒலிக்கிறது. தொண்ணூறுக்குள் நூறும், தொள்ளாயிரத்துக்குள் ஆயிரமும் ஒளிந்திருக்கின்றன. எண்பத்தொன்பதுக்கு அடுத்து என்ன என்று கேட்டதற்கு ஒரு சிறுமி சற்று யோசித்து, 'எண்பத்துப் பத்து' என்றாள். எட்டு முடியையும் இன்னொரு முடியையும் கையில் வைத்துக்கொண்டு சொன்ன விடை அது. 100 வரை ஒப்பிக்கத் தெரியாத அந்தச் சிறுமிக்கு எண் தெரிந்திருந்தது. பெயர் மட்டுமே தெரியவில்லை. பெயரை மறுநாள் சொல்லிக்கொடுத்தேன்.

விரல் விட்டு எண்ணலாமா?

தாராளமாக எண்ணலாம். தேவை தீர்ந்ததும் விரல்களை மடக்கிக்கொள்ள எந்தப் பிள்ளைக்கும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

வாய்ப்பாடு எப்போது?

இரண்டாம் வகுப்பில் இரண்டு இரண்டாக, ஐந்து ஐந்தாக, பத்துப் பத்தாகத் தாவி எண்ணுவதில் தொடங்குகிறோம். தாவலைக் குச்சி முடிகளோடு செய்து பழகிய பின்பு வாய்ப்பாட்டை ஒப்பிப்பதில் எனக்கு மறுப்பு இல்லை; பாட்டாக ஒப்பித்தது ஆயுள் முழுதும் நிற்கும் என்பதை நம் தலைமுறையே அறியும்.

ஆங்கிலத்தில் பின்தங்கிவிடுவார்களோ என்ற அச்சம் எங்களுக்கு இருக்கிறது.

அச்சம் நியாயமானது, பக்கத்து ஊர்த் தனியார் பள்ளி வாகனம் நாள்தோறும் வீட்டு வாசலைக் கடந்து போகும்போது அது எழாமல் இராது. முதல் இரண்டு மாதங்களில் ஆங்கிலத்தைப் பெரும்பாலும் பாட்டாகவும் கட்டளையாகவும் கேட்கிறார்கள்: எழுந்து நில், கதவைத் தொடு, சிவப்புப் பந்தை எடு. கேட்டதைச் செய்து காட்டும் பிள்ளைக்குப் பொருள் புரிந்துவிட்டது என்று அறியலாம். எழுத்துகளில் ஒரு சிக்கல் உண்டு. தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் ஏறத்தாழ ஒன்று. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. 'டபிள்யூ' என்ற பெயரில் அந்த எழுத்தின் ஒலி எங்குமே கிடையாது. ஆகவே பெயர்களை வரிசையாக ஒப்பிப்பதற்கு முன் ஒலிகளைப் பழக்குகிறோம். வீட்டில் எழுத்துகளின் பெயரைக் கேட்டுப் பிள்ளை விழித்தால், அந்த எழுத்து எப்படி ஒலிக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

சூழ்நிலையியல் என்று அழைத்துக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போகிறீர்களாமே? பாதுகாப்பா?

சத்துணவுப் பணியாளர் ஒருவரும் பெற்றோர் இருவரும் உடன் வருகிறார்கள். கரையைவிட்டு யாரும் இறங்குவதில்லை. சென்ற மாதம் உயிருள்ளவை, உயிரற்றவை என்று பட்டியல் போட்டோம். ஓடுகிற தண்ணீர் எந்தப் பக்கம் என்பதில் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. ஓடுகிறது, சத்தம் போடுகிறது, ஆகையால் உயிர் உண்டு என்றது ஒரு கட்சி. குட்டி போடுமா என்று கேட்டது மறு கட்சி. அன்று முடிவு எட்டப்படவில்லை.

தேர்வு உண்டா? தோல்வி அடைந்தால் அதே வகுப்பில் வைப்பீர்களா?

2012–13ஆம் கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையும், தொடர் மதிப்பீட்டு முறையும் நம் மாநிலத்தில் வந்தன. அப்போது 100 மதிப்பெண்ணில் 40 வளரறி மதிப்பீட்டுக்கும் 60 பருவ முடிவில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கும் என்று பிரிக்கப்பட்டது. வளரறி என்பது வகுப்பு நடக்கும்போதே பார்த்துக் குறித்துக்கொள்வது. முதல் பருவத்தின் தொகுத்தறி மதிப்பீடு செப்டம்பரில், காலாண்டு விடுமுறைக்கு முன் நடக்கும். நான் வகுப்பில் அலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பதாக ஒருவர் குறைப்பட்டார். பிள்ளைகளின் மதிப்பீட்டைச் செயலியில் பதிவு செய்ய வேண்டியிருப்பதே அதற்குக் காரணம். அதில் போகும் நேரம் எனக்கும் வருத்தம்தான்.

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்துவதில்லை. இதைக் கேட்டு, அப்படியானால் படிக்காவிட்டாலும் மேலே போய்விடுவார்களே என்று சிலர் கேட்கிறார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்ற பிரிவு இருப்பது அதற்காகத்தான்.

இடக்கையால் எழுதுகிறான். மாற்றிவிடலாமா?

வேண்டாம். பலகையின் இடப்பக்க ஓரத்தில் உட்கார வைத்தால் பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு இடிக்காது, அதைச் செய்துவிட்டோம். 3, 7 ஆகியவற்றைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி எழுதுவது இடக்கைப் பிள்ளைகளிடம் மட்டும் காணப்படுவதில்லை; இந்த வயதில் பலரும் அப்படி எழுதி, பிறகு தாமாகவே மாறிவிடுகிறார்கள்.

காலை உணவு பள்ளியிலேயே கிடைப்பதால், எத்தனை மணிக்கு அனுப்ப வேண்டும்?

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. காலை வழிபாட்டுக்கு முன் சாப்பிட்டுக் கை கழுவி முடிக்கும்படி அனுப்புங்கள். தமிழ்ப் பாடம் முதல் வேளையில் நடக்கிறது. வெறும் வயிற்றோடு வந்த காலங்களில் அந்த வேளையில் பாதிப் பிள்ளைகளின் கண் கடிகாரத்தின் மீதே இருக்கும்.

வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

நாளுக்குக் கால் மணி நேரம் போதும். பேருந்தின் பெயர்ப்பலகை, நியாயவிலைக் கடைச் சுவர், உப்புப் பொட்டலம் என்று எழுத்து இருக்கும் இடங்களில் தெரிந்த எழுத்தை மட்டும் தேடச் சொல்லுங்கள். தெரியாததைக் கேட்டு மடக்க வேண்டாம். புள்ளிகளை இணைத்து எழுத்து வரையும் புத்தகங்களை வாங்கித் தராதிருந்தால் நல்லது. எந்த இடத்தில் தொடங்கி எந்தப் பக்கம் சுழிக்க வேண்டும் என்பதை அறியாமலே பிள்ளை புள்ளிகளைச் சேர்த்து 'அ'வைக் கீழிருந்து மேலாக முடித்துவிடும். அந்தக் கைப்பழக்கத்தை மாற்ற எனக்கு ஒரு பருவம் ஆகிறது. எழுத்தறியாத பாட்டி வீட்டில் இருந்தால் இரவில் கதை சொல்லச் சொல்லுங்கள். நீண்ட வாக்கியத்தைக் கேட்டுப் பழகிய பிள்ளைக்குப் பின்னாளில் நீண்ட வாக்கியத்தைப் படிக்கும்போது மூச்சு முட்டுவதில்லை.

வகுப்புக்கு ஏதாவது வாங்கித் தர விரும்புகிறோம். நோட்டுகள் வாங்கி வரலாமா?

நோட்டு அரசே தருகிறது. இருப்பதே இன்னும் நிரம்பவில்லை. வீட்டுக்கு 100 ஈர்க்குச்சி, முனை மழுங்க ஒரே அளவாக நறுக்கியது. ஒரு கிண்ணம் புளியங்கொட்டை, கழுவிக் காயவைத்தது. பின்பக்கம் வெறுமையாக உள்ள பழைய மாத நாள்காட்டித் தாள்கள். திங்கட்கிழமை பிள்ளையிடமே கொடுத்தனுப்புங்கள். குச்சிகளைக் கட்டாமல் உதிரியாக அனுப்ப வேண்டும். பத்துப் பத்தாக முடி கட்டுவது அவர்கள் வேலை.